ஐந்துக்கு இரண்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் ஷோரூமில் வேலை செய்கிற யாராவது சொல்லிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பிடித்து வாடிக்கையாளர் சேவை மேசையில் உட்கார வைத்தது கொழும்புத் தலைமை அலுவலகம் எடுத்த முடிவு. அந்தப் பழி என்னைச் சேராது.

ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயாப் பக்கம் இறங்கும் பாதையில் எங்கள் கார் சேல் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்பக்கம் தேயிலை மலை. கண்ணாடி போட்டவர்கள் நல்ல வெயில் நாளில் வந்து அளந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே இருக்கும் எங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே நிற்கிறவருக்கு நாங்கள் கார் விற்கிறோமா, கடலை விற்கிறோமா என்பதே தெரியாது. காலையில் வந்ததும் பழைய பேப்பரைக் கசக்கிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. ஆறு வருடமாகத் துடைக்கிறேன்.

அந்த ஆறு வருடத்தில் பெரும்பகுதி புது வண்டியே நாட்டுக்குள் வரவில்லை. இறக்குமதிக்குத் தடை. பத்து வருடம் ஓடிய வேனைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து நிறுத்தி வைத்திருந்தோம். பிறகு தடை நீங்கிக் கப்பல் வர ஆரம்பித்ததும் கொழும்புக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எங்களுக்குப் புதுச் சட்டை வந்தது, புது டை வந்தது, கூடவே ஒரு புதுப் படிவமும் வந்தது.

படிவத்தின்படி, வண்டியைக் கொடுத்த ஏழாம் நாள் நான் வாடிக்கையாளருக்குப் போன் எடுக்க வேண்டும். நான் என்ன பேச வேண்டும் என்பதையும் கொழும்பே எழுதி அனுப்பியிருந்தது. 'தங்களது வாகனத்தைப் பெற்றுக்கொண்ட அனுபவத்திற்கும் தங்களுக்குச் சேவை வழங்கிய உத்தியோகத்தருக்கும் ஐந்து புள்ளிகளுக்கு எத்தனை புள்ளிகள் வழங்குவீர்கள்?' இதை ஒரே மூச்சில் வாசித்து முடிப்பதற்குள் எனக்கே தண்ணீர் தாகம் எடுத்துவிடும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, யார் பேசுவது என்று கேட்பார்கள்.

விற்ற வண்டிகளின் கணக்கு கிளையின் பெயரில் போகும். புள்ளி மட்டும் விற்றவரின் பெயரில் போகும். மூன்று மாதம் தொடர்ந்து சராசரி மூன்றுக்குக் கீழே இறங்கினால் விற்றவருக்கு வேலை இல்லை. இதைப் படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் கிளையில் விற்கிறவர் ஒரேயொருவர்தான். சின்ன எழுத்தை நானும் சரியாகப் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை.

அவரை நான் சேல்ஸ் அண்ணன் என்பேன். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு தோட்டத்து லொறியில் தேயிலைக் கொழுந்து ஏற்றி ஃபெக்டரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். திம்புள்ளையிலிருந்து கொத்மலை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் எந்த டிவிஷனுக்கு எப்படிப் போவது, எந்த முடக்கில் வண்டி மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கம்பெனி கொடுத்த டையை அவர் கட்டி நான் பார்த்ததில்லை. காற்சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பார். எஞ்சின் ஒயில் பார்க்கிற கம்பியைத் துடைக்க அதைவிட நல்ல துணி கிடைக்காது என்பது அவர் அபிப்பிராயம்.

அவர் வண்டி விற்கிற அழகைக் கொழும்பில் யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். முதலில், எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று கேட்பார். ஐந்து பேர் என்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்பார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பதினொன்று என்று ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் எந்த வண்டி என்ற பேச்சே எழும். அடுத்தது, வீட்டு ரோடு. வண்டி மேலே ஏறுமா என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். இவர், மேலே போன வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று கேட்பார். சந்தேகமாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்களின் லயத்து வீட்டு வாசல் வரைக்கும் தானே போய்த் திருப்பிப் பார்த்துவிட்டு வருவார். திரும்பாவிட்டால் விற்கமாட்டார். மெனேஜர் கண்டியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார் என்பதால் இதெல்லாம் நடந்தது.

ஹேண்ட் பிரேக்கைச் சோதிக்கிற முறைதான் எனக்கு அறவே பிடிக்காது. ஷோரூமுக்குப் பின்னால் இருக்கிற செங்குத்தான மேட்டில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய்க் கைகட்டி நிற்பார். வாங்க வந்தவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்வார். வண்டி சும்மா நிற்கும், இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து, இரண்டு பேரும் உயிரோடு இருந்தால், உள்ளே வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். இந்தக் கூத்தைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு என்ன புள்ளி கிடைக்க வேண்டும்? கிடைத்தது இரண்டு. சில நாள் மூன்று. சில நாள் ஒன்றரை.

கொத்மலையில் மரக்கறி வியாபாரம் செய்கிறவர் ஒரு சின்ன லொறி வாங்கிப் போயிருந்தார். ஏழாம் நாள் கூப்பிட்டேன். ஹோர்ன் சத்தம் போதாது, சீட் அழுத்துகிறது, பெயின்ட் ஏதோ மாதிரி இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு மூன்று போடச் சொன்னார். பின்னாலிருந்து மனைவி ஏதோ சொல்வது கேட்டது. உடனே, வேண்டாம், இரண்டே போடுங்கள் என்றார். தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், கத்தோலிக்கர், ஃபாதரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணித் தீர்த்தம் தெளித்துக் காரை எடுத்துப்போனவர். அவரும் இரண்டுதான். லிந்துலையில் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவரும் அவர் கணவரும் வேன் வாங்கினார்கள். அந்த வேனுக்காக அண்ணன் மூன்று தடவை அவர்கள் லயத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். அந்த அக்கா போட்டது ஒன்று.

நான் நேர்மையானவள். கேட்டதை அப்படியே எழுதி அனுப்பினேன். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அவரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினேன். வாடிக்கையாளரிடம் என்னதான் பேசித் தொலைக்கிறீர்கள், ஒழுங்காக டை கட்டினால் என்ன, முகத்தைக் கழுவினால் என்ன என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

"அப்படியா சொன்னாங்க? சரிங்க மிஸ்," என்பார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். வெட்கம் கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது மாத முடிவில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தீவிலேயே ஆகக் குறைந்த புள்ளி எங்கள் ஆளுக்குத்தானாம். இரண்டு வாரத்தில் ஓர் அதிகாரி நேரில் வருவார், கொத்மலை, தலவாக்கலை, லிந்துலை வாடிக்கையாளர் மூன்று பேருக்குத் தானே போன் எடுப்பார், கூட வேலை செய்யும் ஒருவரிடமும் புள்ளி கேட்பார், அன்றைக்கே முடிவெடுப்பார் என்று இருந்தது. முடிவு என்றால் என்ன என்பது சின்ன எழுத்தில் ஏற்கெனவே இருந்தது. அப்போதுதான் அதை நான் பெரிதாகப் படித்தேன்.

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து, டை இருக்கிற பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் எந்தத் தோட்டத்தில் போய் லொறி கேட்பார்? அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. பின்னால் போய் ஒரு வேனுக்குக் கீழே படுத்துக்கொண்டார். அவருக்கு மனது சரியில்லாவிட்டால் வேனுக்குக் கீழேதான் போவார்.

நான் எழுதி அனுப்பிய எண்கள்தான் அவர் கழுத்துக்கு வந்திருந்தன. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், எனக்கு எப்போதும் தூக்கம் வரும். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லிந்துலைக்குப் போனேன். ஒன்று போட்ட அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து, ஏன் என்று கேட்டுவிட வேண்டும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவும் மனதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தால், லயத்துக்கு முன்னால் வேன் நிற்கிறது. மழையில் நனையாமல் இருக்க அதற்குத் தனியாகத் தகரக் கூரை. உள்ளே சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும், பின்னால் ஒரு பழைய செருப்பு. ஷோரூமிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அந்த அக்கா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ரொட்டியும் சம்பலும் வந்தன. பக்கத்துக் காம்பராவிலிருந்து வாழைப்பழம் வந்தது. அண்ணன் சுகமாக இருக்கிறாரா என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்டார்கள். வேனை வாங்கி வந்த அன்றைக்கு முதல் சாவியை அவர் கையால்தான் போட வைத்தார்களாம். அவர் மாதிரி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை என்று அக்காவின் கணவர் சொல்ல ஆரம்பித்ததும், அக்கா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

நறுக்கென்று கேட்கத் தயார் செய்த வார்த்தைகள் ரொட்டியோடு உள்ளே போய்விட்டன. மெதுவாகத்தான் கேட்டேன். இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறவர் போனில் ஏன் ஒன்று என்று சொன்னீர்கள்?

அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க கூப்புட்டப்ப நான் மடுவத்துல நிக்கிறேன். கொழுந்து நிறுத்துக்கிட்டு இருக்காங்க. எங்க தோட்டத்துல சிக்னல் அங்கதான் கெடைக்கும். என் போனுல ஸ்பீக்கர் போட்டாத்தான் கேக்கும். நாப்பது பேரு காதக் குடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. அத்தன பேரு முன்னால வண்டி அருமையா இருக்கு, அஞ்சு போடுங்கன்னு நான் சொன்னா, கண்ணு படாதாங்க மிஸ்?"

வண்டிக்குச் சரி, விற்ற மனிதருக்கு ஏன் ஒன்று என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"வண்டிக்குப் பட்டா டயரு போவும். அந்த மனுசனுக்குப் பட்டா என்ன செய்யிறது? அவரு நல்லா இருக்கணும்னுதான் ஒன்னு போட்டேன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இது எனக்குத் தெரியாததா? நானும் லயத்தில் பிறந்தவள்தான். பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள், கறுப்பாக இருக்கிறது, மூக்கு சப்பை என்று குறை சொல்லிவிட்டுத்தான் கையில் தூக்குவார்கள். நான் சாதாரண தரப் பரீட்சையில் நல்லபடி பாஸ் பண்ணினபோது என் அம்மா அக்கம்பக்கத்தில், ஏதோ தட்டுத்தடுமாறி வந்திருக்கிறாள் என்றுதான் சொன்னார். பெரிதாகச் சொல்லவில்லையே என்று நான் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை, அப்போதும் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இத்தனையும் தெரிந்திருந்தும், கையில் அச்சடித்த படிவம் ஒன்று வந்ததும் எல்லாம் மறந்துபோய்விட்டது. தாளில் எழுதியதும் நான் அதை நம்பிவிட்டேன். நான் மூன்று மாதம் திட்டிக்கொண்டே இருந்தபோது அந்த மனிதர் ஏன் திருப்தியாகத் தலையாட்டினார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சின்ன எழுத்து மட்டும்தான் தெரியவில்லை.

வரும் வழியிலேயே தலவாக்கலையில் வாத்தியார் வீட்டிலும் இறங்கினேன். காரின் உள்கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. குனிந்து பார்த்தேன், பம்பருக்கு உள்பக்கம், ஃபாதர் கண்ணில் படாத இடத்தில், எலுமிச்சையும் மிளகாயும் இருந்தன. விஷயத்தைச் சொன்னேன். அண்ணனின் வேலை இதில்தான் இருக்கிறது, அதிகாரி கூப்பிட்டால் தயவுசெய்து ஐந்து என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கட்டாயம் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். கொத்மலைக்காரரும் போனில் வாக்குக் கொடுத்தார். லிந்துலை அக்கா விஷயம் தெரிந்ததுமே என் தலையில் அடித்தே சத்தியம் செய்திருந்தார்.

அதிகாரி வந்தார். இளம் சிங்களப் பெண், மெல்லிய சேலை, கையில் கம்ப்யூட்டர். ஹட்டன் குளிருக்கு அந்தச் சேலை காணாது. நான் என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டார், ஆனால் முகம் இளகவில்லை. தமிழ் பேசத் தெரியாது, போனில் சொல்வதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அதைக் கேட்டதும் என் மனதில் ஒரு கெட்ட யோசனை எட்டிப் பார்த்தது. உடனே அவர், தமிழில் எண்கள் மட்டும் தெரியும் என்று சொல்லி அந்த யோசனையின் வாயை அடைத்துவிட்டார்.

அண்ணனை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவர் வேனுக்குக் கீழே போய்விட்டார். அன்று காலையில் மெனக்கெட்டுக் கண்ணாடியைத் துடைத்திருந்தேன், அதனால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்கள் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தன.

முதலில் கொத்மலை. ஸ்பீக்கரில் சந்தைச் சத்தம் கேட்டது. வியாபாரி என் குரலைக் கேட்டதும் உற்சாகமாக, அஞ்சு என்று ஆரம்பித்தார். யாரோ பக்கத்தில், என்னப்பா அஞ்சு என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அஞ்செல்லாம் இல்லை, ஹோர்ன் சரியில்லை, இரண்டரை போதும் என்று போனை வைத்துவிட்டார். அடுத்தது வாத்தியார். அவர் பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார். நேர்மையானவர், பொறுமைசாலி என்று அவர் சொல்லச் சொல்ல நான் சந்தோஷமாக மொழிபெயர்த்தேன். கடைசியில் புள்ளி எத்தனை என்றதும் ஒரு நீண்ட பெருமூச்சு. "ரெண்டு," என்றார். எனக்கு அந்தப் போனையே தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல் இருந்தது.

மூன்றாவது லிந்துலை. நேரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு. மடுவத்தில் நிறுவை நடக்கிற நேரம். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அக்கா ஹலோ என்றதும் இரைச்சல் அடங்கிவிட்டது. நாற்பது பேர் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் கேள்வியைக் கேட்டேன்.

"மிஸ், கோவிச்சிக்காதீங்க," என்றார் அக்கா. "ஒன்னே போட்டுக்கங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டரை, இரண்டு, ஒன்று.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும். எழுந்து நின்று முழுக் கதையையும் சொன்னேன். மடுவம், நாற்பது பேர், செருப்பு, பம்பர், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். தன் அம்மாவும் இப்படித்தான், நல்லதை வாயால் சொன்னால் கட்டவஹ படும், அதாவது வாயின் நஞ்சு பட்டுவிடும் என்பார் என்றார். ஆனால் அதைக் காரணமாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பமுடியாது, தாளில் காட்ட ஏதாவது வேண்டும் என்றார்.

தாள் என்றதும் எனக்குப் பதிவுப் புத்தகம் ஞாபகம் வந்தது. வண்டி வாங்க வருகிறவர்களிடம், யார் சொல்லி வந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டு நான்தான் எழுதி வைக்கிறேன். ஆறு வருடமாக எழுதுகிறேன், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, பக்கத்தில் புள்ளிப் படிவங்களை வைத்தேன். வாத்தியார் போட்டது இரண்டு, அவர் சொல்லி வந்தவர்கள் மூன்று பேர். கொத்மலைக்காரர் இரண்டு, அவர் சொல்லி வந்தவர்களும் மூன்று. லிந்துலை அக்கா ஒன்று, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். அந்த மூன்று மாதத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டவர் ஒரேயொருவர். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து நுவரெலியாவில் பங்களா கட்டியிருக்கும் கனவான். அவர் சொல்லி ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை.

அதிகாரி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முதல் தடவையாகச் சிரித்தார். இதைப் படமெடுத்து அனுப்புகிறேன் என்றார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். இன்னும் ஒரு கட்டம் மிச்சம் இருக்கிறது, கூட வேலை செய்கிறவரின் புள்ளி. விஷயம் முழுக்கத் தெரிந்த நீங்கள் ஒரு நல்ல புள்ளியைச் சொல்லிவிட்டால் நான் இதை இப்போதே மூடிவிடுவேன், என்றார்.

இதைவிடச் சுலபமான வேலை என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஐந்து என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வேனுக்குக் கீழே அந்தக் கால்கள் அப்படியே இருந்தன. பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் இரண்டு நாள் வரிசையில் நின்றவர் அவர். அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டேன். இந்த மனிதர் நாளைக்கு இந்தப் பக்கம் வராவிட்டால் நான் யாரைத் திட்டுவேன் என்று தோன்றியது. பயம் வந்துவிட்டது. கொழும்பைப் பற்றிய பயம் இல்லை. நான் என் வாயால் அவரை நல்லவர் என்று சொல்லி, அதனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"பிந்தித்தான் வருவார்," என்றேன். "தேத்தண்ணியைச் சத்தம் போட்டுக் குடிப்பார். டையால் ஒயில் துடைப்பார். வண்டிக்குப் பின்னால் போய் நிற்பார், சொன்னால் கேட்கமாட்டார்."

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி எத்தனை என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு," என்றேன். தமிழில்தான் வந்தது. சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கட்டத்தில் இரண்டு என்று போட்டார். அதற்குக் கீழே சிங்களத்தில் ஒரு வரி அடித்து, என்னையே வாசிக்கச் சொன்னார். இந்த உத்தியோகத்தரை இந்தக் கிளையிலேயே வைத்திருக்கவும், ஹட்டனுக்கு இனிப் புள்ளிப் படிவம் வேண்டாம், பதிவுப் புத்தகம் போதும், என்று இருந்தது. ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கார் சத்தம் அடங்கிய பிறகு அண்ணன் உள்ளே வந்தார். முதுகெல்லாம் சேறு. எனக்கு ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றி மேசையில் வைத்துவிட்டு, தன் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது, எங்கேயும் போக வேண்டாம் என்றேன். அதற்கு அவர் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

"நீங்க எத்தன போட்டீங்க மிஸ்?"

"ரெண்டு."

அவர் தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சினார், அந்தச் சத்தத்தோடுதான்.

"அவ்வளவு எதுக்குங்க மிஸ்? ஒன்னு போதுமே," என்றார்.

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். மறுநாள் காலையில் அவர் பத்து நிமிடம் பிந்தி வந்தார். நான் கண்ணாடி துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, முதல் வேலையாக அவரைத் திட்டினேன்.